விளக்கு இல்லாத மெஷின்

ராயபுரம், 12-3-1934

மகனே,

மெஷினைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேள் என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன்.

நான் வேலை பார்த்த பங்களாவில் காணாமல் போன தூசி உறிஞ்சும் மெஷின் போன வருடம் வாங்கியது. முன்னால் விளக்கு உள்ளது. என்னிடம் இருப்பது பழைய துரைசானி சீமைக்குப் போகும்போது எனக்குக் கொடுத்தது. அந்தக் காலத்து மெஷினில் விளக்கே கிடையாது. பங்களாவிலிருந்து தேடி வந்த பியூனிடம் காட்டினேன்.

“வெளக்க நீதான் கயட்டிக்கீற, ஆயா.”

“கயட்டியிருந்தா ஓட்ட இருக்கணுமே, நைனா. தடவிப் பாரு.”

தடவினான். ஓட்டை இல்லை. திரும்பிப் போய்விட்டான்.

மின்சாரம் இல்லாத வீட்டில் அது எதற்கு என்கிறாய். பத்தொன்பது வருட உழைப்புக்கு எனக்கென்று கொடுக்கப்பட்டது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுத்தால் நான் திருடி என்று ஆகிவிடும்.

அடுத்த திங்கட்கிழமை நானே அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய்க் காட்டப்போகிறேன். வந்தால் ஒரு பக்கம் பிடி. வராவிட்டாலும் போவேன்.

உன்னைப் பெற்றவள்