ஷமூனி கூட்டிப்போன கோவில்

மோசூல்
16 பிப்ரவரி 1986

என் மகன் அயாதைப் பெற்ற ஷஃபீகாவுக்கு, பெபாவி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளையும் என் தங்கச்சி லபீபாவும் அப்படியே இருக்க வேண்டும். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது லபீபாதான் என்பதால் அவளைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன்.

இங்கே சுவர் பூசுவது நம் ஊர் மாதிரி இல்லை. ஒரு வெள்ளைப் பொடி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் தொட்டியிலேயே கல்லாகிவிடுகிறது. முதல் வாரம் மூன்று தொட்டி போயிற்று. இப்போது சிகரெட்டைக் குறைத்துவிட்டேன். அந்தப் பொடி செய்த வேலையை உன்னால் பதினெட்டு வருடமாகச் செய்ய முடியவில்லை, பார்.

சொல்ல வந்தது வேறு. போன வியாழக்கிழமை சந்தையில் டர்னிப் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை முழுக்கப் பூச்சு, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டில் சின்ன வயதில் குத்தின பச்சைச் சிலுவை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, சந்தை நடுவில், அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். டர்னிப்காரன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நம்ம ஆளா நீ? எந்த ஊரு?" என்றாள்.

எகிப்து என்றேன். பெயர் ஷமூனியாம், இந்த ஊர்க் கிறிஸ்தவள். நோன்பு இருக்கிறாயா என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்க்காக அன்றைக்கு முட்டை சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் நான் வேலை செய்யும் வீட்டு வாசலுக்கே வந்து, கோவிலுக்குக் கூட்டிப்போனாள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றேன், ஷஃபீகா. அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நடுவில் எங்கேயோ அழுதுவிட்டேன். எதற்கென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

உன் பெபாவி

—

நஜ்ஃ பூலுஸ்
9 மார்ச் 1986

அயாதின் அப்பாவுக்கு, ஷஃபீகா சொல்லி லபீபா எழுதுவது.

நாங்கள் சுகம். எருமை கன்று போட்டது, கிடாரி. அதைப் பார்க்க வந்த உங்கள் சித்தப்பா வைக்கோலில் வழுக்கி விழுந்தார். விழுந்த மனுஷனை விட்டுவிட்டு எல்லாரும் கன்றைப் பார்த்தோம் என்று இன்னும் வீட்டுப் பக்கம் வராமலிருக்கிறார். வராததும் ஒரு சுகம்தான்.

உங்கள் கடிதத்தை லபீபா நாலு தடவை படித்தாள். முதல் தடவை நான் சிலுவை போட்டு அழுதேன். இரண்டாம் தடவை சும்மா இருந்தேன். மூன்றாம் தடவை, அந்த முத்தம் வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவளுக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லையே? டர்னிப்காரன் தராசைப் பிடித்தது வரைக்கும் எழுதத் தெரிகிறது.

வயது கிடக்கட்டும். அழகாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்கிறது வேறு. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் கழுதைக்கு லாடம் அடிக்கப் போனீர்கள். அயாத் பிறந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது வாசலோடு நின்றுகொண்டீர்கள். ஒவ்வொரு வருடமும் ஐம்பத்தைந்து நாள் நோன்பில் உங்களுக்கு மட்டும் தனிச் சட்டியில் நெய் விட்டுச் சமைத்தேன். அந்த வாசனையில் நின்றுகொண்டு ஜெபம் செய்தேன். கோவிலில் பெண்கள் பக்கம் நின்று ஆண்கள் பக்கத்து வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. நீங்கள் நிற்பதை முதலில் பார்க்கிற கண் என் கண்ணாக இருக்கும் என்றிருந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். ஒரே வாரத்தில்.

இன்னொன்று. நமக்கு நோன்பு நாளைக்குத்தான் தொடங்குகிறது. பிப்ரவரியிலேயே நீங்கள் இருந்தது என்ன நோன்பு? நம் கோவில் பாதிரியார் அபூனாவைப் போய்க் கேட்டேன். அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு, இந்த வருடம் அவர்கள் பண்டிகை நமக்கு ஐந்து வாரம் முன்னாலேயே வந்துவிடும் என்றார். ஆக, நீங்கள் இருந்தது என் நோன்பு இல்லை, அவளுடையது.

இதை எழுதமாட்டேன் என்று லபீபா சொன்னாள். எழுதவைத்துவிட்டேன்.

ஷஃபீகா

—

மோசூல்
31 மார்ச் 1986

ஷஃபீகாவுக்கு,

கடிதம் வந்தது. கன்றுக்குப் பெயர் வைத்துவிட்டாயா? சித்தப்பாவை ஒரு நடை போய்ப் பார். பாவம், அவருக்கு இடுப்பு முன்னாலேயே சரியில்லை.

ஷமூனிக்கு என் வயதுதான், நாற்பத்திரண்டு. புருஷன் இல்லை. எனக்கு அவள் அக்கா மாதிரி என்று எழுதினால் நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

அவள் கூப்பிட்டதும் ஏன் போனேன், நீ கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்கிறாய். இதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே சுவர் பூசுகிறேன். நம் ஊரில் நான் கோவில் வாசலை மிதித்தால் என்ன ஆகும்? நாவிதர் கடையில் பேச்சு. கிணற்றடியில் பேச்சு. "பெபாவிக்கு என்னடா வந்துச்சு, வியாதியா?" என்பார்கள். ஒவ்வொரு வருடமும் வரலாம் என்று நினைப்பேன், அந்தப் பேச்சை நினைத்துத் திரும்பிவிடுவேன். அப்புறம் வராததே என் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. நான் வராதவன் என்பதே அவளுக்குத் தெரியாது. வழக்கமாக வருகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். வழக்கமாக வருகிறவன் மாதிரி போனேன்.

நேற்று இங்கே உயிர்ப்புப் பண்டிகை. வெங்காயத் தோலில் வேகவைத்துச் சிவந்த முட்டை, உள்ளே கறி வைத்த கோதுமை உருண்டை. எல்லாம் சாப்பிட்டேன். சொல்லாமல் மறைக்க மனசில்லை.

பெபாவி

—

நஜ்ஃ பூலுஸ்
20 ஏப்ரல் 1986

அயாதின் அப்பாவுக்கு,

நீங்கள் கறி உருண்டை சாப்பிட்ட நாளில் நான் காய்ந்த ரொட்டியும் உப்பும் சீரகமும் சாப்பிட்டேன். எனக்கு இன்னும் பண்டிகை வரவில்லை. என் ஆண்டவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, உங்களுக்கு எழுந்துவிட்டார்.

நாவிதர் கடை, கிணற்றடி எல்லாம் லபீபா படிக்கக் கேட்டேன். அது உண்மைதான், அந்த வாய்கள் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாய்களுக்கு நடுவில் நான் ஒருத்தி பேசாமல் இருந்திருப்பேனே, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பண்டிகைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினீர்களா? அந்தக் கோவிலில், அவள் பார்க்க வாங்கினீர்களா?

எழுதினது போதும், வெளியே போ என்று நான் சொல்லியும் லபீபா போகாமல் இதையும் எழுதுகிறாள்.

ஷஃபீகா

—

மோசூல்
7 மே 1986

ஷஃபீகாவுக்கு,

வாங்கவில்லை.

எல்லாரும் வரிசையில் போனார்கள். ஷமூனி என் முழங்கையை இடித்தாள். நான் தூணை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் கேட்டாள்.

"என்ன பெபாவி, நாங்க குடுக்கிறது உனக்கு ஆகாதா?"

அப்படியில்லை, முதலில் எங்கள் அபூனாவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்றேன். அதற்குத்தானா என்று முகத்தையே பார்த்தாள். மறைக்க முடியவில்லை.

"நான் வாங்கறதை என் பொண்டாட்டி பாக்கணும். பதினெட்டு வருஷமா அதுக்குத்தான் நிக்கிறா," என்றேன்.

அவள் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. "கூட்டியாந்தது நானு. பாக்கறது அவளா?" என்று கேட்டுவிட்டு, பண்டிகைக்குக் கொண்டுவந்திருந்த பலகாரத் தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. நான் தின்ற உருண்டை அந்தத் தட்டில் இருந்ததுதான், தனியாக உட்கார்ந்து தின்றேன். இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். உனக்குப் பெருமையாகிவிடும், அவளுக்குத் தலைக்குனிவாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பேசுகிறாள். கோபமாக இருக்க அவளுக்கு நேரமில்லை. இரண்டு பிள்ளைகளும் போர்முனையில் இருக்கிறார்கள், நாற்பது நாளாக ஒரு வரி வரவில்லை.

ஜூலையில் வேலை முடிகிறது. வருகிறேன்.

பெபாவி

—

நஜ்ஃ பூலுஸ்
1 ஜூன் 1986

அயாதின் அப்பாவுக்கு, ஷஃபீகா சொல்வது. லபீபா ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், அதையும் சாப்பிட மறந்துவிட்டேன். சந்தோஷம்தான். நாவிதர் கடையில் பேசுகிறவன் பேசட்டும். ஜூலையில் வாருங்கள், நானே அந்தக் கடை வழியாக உங்களைக் கூட்டிப்போகிறேன்.

ஆனால் நான் ஒன்று செய்துவிட்டேன். சொல்லாவிட்டால் நற்கருணை வாங்க எனக்கும் வாய் திறக்காது. நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு முன்னால் நான் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

ஜெபத்துக்காகப் பலிபீடத்தில் பெயர் எழுதிய சீட்டு வைப்போமே, மார்ச்சிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு சீட்டு கொடுத்தேன். அதில் ஒரே பெயர், ஷமூனி. அவளை உங்கள் கண்ணிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மனதில் கேட்டுக்கொண்டே கொடுத்தேன். அபூனாவுக்கு அது தெரியாது. போன வாரம் என்னை நிறுத்தி, "ஷஃபீகா, ஒன் சொந்தக்காரிக்கு இப்ப ஒடம்பு தேவலையா? நான் விடாம வேண்டிக்கிட்டிருக்கேன்," என்றார். பன்னிரண்டு வாரம், ஐயா. நான் அவளை விலக்கச் சொல்லிக் கொடுத்த சீட்டில் அவர் அவளுக்குச் சுகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதச் சொல்லமாட்டேன். போகவில்லை. உங்களை முதலில் கோவிலுக்குள் கூட்டிப்போனவள் அவள்தான், அது சாகிற வரைக்கும் எனக்குக் குத்தும். ஆனால் அயாதுக்கு அடுத்த வருடம் பதினேழு. அவன் எங்காவது போய் நாற்பது நாள் எழுதாமல் இருந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

இன்றைக்குச் சீட்டில் அவள் பெயருக்குக் கீழே, "அவள் பிள்ளைகள் இருவர்" என்று எழுதச் சொன்னேன். பெயர் தெரியாமல் எப்படி என்று லபீபா கேட்டாள். ஆண்டவருக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த கடிதத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அவளிடம் கேட்டு, சரியாக எழுதுங்கள். யார் கேட்டார்கள் என்றும் சொல்லுங்கள்.

ஷஃபீகா