தூணோரத்து விசிறி

சேலம்,
மாசி, 1964

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் வாழப்பாடிக்குக் குடிபோய் ஆறு வருஷமாகிறது. மாதா கோயிலில் தூணோரம் நாம் ஒட்டி உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே சிரிப்பை அடக்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மார்கழிப் பூசையும்தான். எல்லோரும் குளிரில் நடுங்க, நீங்கள் வேர்த்து முக்காட்டைத் தள்ளினீர்கள். நான் அதை வெடுக்கென்று இழுத்துப் போர்த்தி, "ஏனுங்க்கா, கோயிலுக்குள்ள இதென்ன கூத்து?" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் நீங்கள் என் பக்கத்தில் உட்காரவேயில்லை.

இந்த மார்கழியில், பூசை நடக்கும்போதே எனக்கும் நெஞ்சிலிருந்து தீ ஏறியது. நானே முக்காட்டைத் தள்ளினேன்.

"மாதவிலக்கு நின்னா உடம்புல ஹார்மோன் கொறஞ்சிரும்மா. இந்த மாத்திரைய மூணு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துங்க" என்றார் லேடி டாக்டர். இப்போது தேவலை, தூக்கம் வருகிறது. "தெரிஞ்சவங்க யாருக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை உங்கள் நினைப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தூணோரம் இடம் பிடித்து வைக்கிறேன். பனையோலை விசிறி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். நீங்கள் முக்காட்டை எடுத்துவிட்டு உட்காருங்கள், நான் வீசுகிறேன்.

இப்படிக்கு,
அன்று முக்காட்டை இழுத்தவள்