ஸ்டெல்லாவின் மரவள்ளிப் பைகள்

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

நீ போன பிறகு முதல் தடவையாக உனக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். நீ மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய் என்று அம்மா சொல்கிறார். ஆனால் பொகவந்தலாவையில் பனி இறங்கினால் பக்கத்து லயத்து வீடுகளே தெரிவதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

தேயிலைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பொலித்தீன் பைமேல் உனக்கு அப்படி என்ன கோபம்? கன்று நட்ட பிறகு கிழிந்த துண்டுகள் வடிகால் கானை அடைத்து, மழைத் தண்ணீர் நம் வாசலுக்கே வந்ததாலா? எல்லோர் வாசலுக்கும்தான் வந்தது. அதற்காகக் கண்டிக்குப் போய், ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து, மரவள்ளி மாவில் பை செய்யக் கிளம்பியது நீ ஒருத்திதான்.

உன் முதல் பைகளை நான் வேலை பார்க்கும் நாற்றுமேடையில் வைத்தோம். ஒரே மழையில் ஊறிய அப்பளமாகிவிட்டன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயோ நனைந்த துண்டு ஒன்றை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த தடவை பைகள் கொஞ்சம் கறுத்திருந்தன. பென்சிலில் இருக்கிற அதே கிராஃபைட்டைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக உரித்து, மாவில் கலந்திருந்தாய். கிராஃபீன் ஒக்சைட்டு என்றாய். என் வாயில் நுழையவில்லை.

"அண்ணே, மலையில குறுக்கால கான் வெட்டுறோம்ல, தண்ணி நேரா ஓடாம சுத்திப் போறதுக்கு? இந்தத் தகடும் அப்புடித்தான். மாவையும் இறுக்கிப் புடிச்சுக்கும்."

"அப்ப நெறையப் போட்டுற வேண்டியதுதானே?"

"உப்பு மாதிரிண்ணே. கூடுனா கட்டி தட்டிப் போயி, பை ஒடஞ்சிரும்."

அத்தனை பெரிய படிப்பை எனக்குப் புரிகிற மாதிரி இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லியிருக்கலாம். "கெட்டிக்காரிதான், போ" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பைகள் மழைக்காலம் முழுவதையும் தாங்கின. உன் உடம்புதான் அந்த மழையோடு வந்த காய்ச்சலைத் தாங்கவில்லை.

ஒரு சோதனை பாக்கியிருந்தது. கன்றைப் பையோடு நட வேண்டும். பை மண்ணில் மட்கி, வேர் வெளியே வர வேண்டும். வராவிட்டால் தோட்டம் பழையபடி பொலித்தீனுக்கே போய்விடும். உன் இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

நடுகிற அன்று காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டிலேயே, பையோடு நட வேண்டும் என்று பெண்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பிறகு மற்ற மலைக்குப் போய்த் திரும்பி வந்தால், ஏறக்குறைய உன் பைகளெல்லாம் உரிக்கப்பட்டு, ஓரமாக அழகாகக் குவிந்து கிடக்கின்றன! பையைக் கழற்றிவிட்டு நடுவதுதானே எப்போதும் வழக்கம்? கை பழக்கத்தைக் கேட்குமா, என்னைக் கேட்குமா?

கன்று நட்டுக்கொண்டிருந்த மாரியாயி அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "மலையில பேக்க விட்டா வேல பாக்க வர்ற கண்டாக்கு ஐயா ஏசுவாருல்ல தம்பி, அந்தப் பயத்துல மறந்துட்டோம். ஆனா இது என்னா பேக்குப்பா? கையால இழுத்தா கிழியவே மாட்டேங்குது. கத்தி போட்டுத்தான் வெட்டுனோம்!"

ஸ்டெல்லா, அந்த இடத்திலேயே நின்று அழுதேன். ஆத்திரமா, சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை. அக்கா என்ன நினைத்தாரோ, மிஞ்சியிருந்த ஒரேயொரு நிரைக் கன்றுகளைத் தானே பையோடு நட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைவிட அவர்தான் அந்த நிரையை அடிக்கடி எட்டிப் பார்த்தார்.

பல மாதம் கழித்து, போன வாரம் அதில் ஒரு கன்றை இருவருமாகத் தோண்டினோம். நான் பையைத் தேடினேன். நகத்தளவு கறுப்பு ஒன்று கிடைத்தது, தொட்டதும் மண்ணாகிவிட்டது. வெள்ளை வேர்கள் நாலா பக்கமும் ஓடியிருந்தன. "ஒன் தங்கச்சி சொன்னத செஞ்சிட்டா தம்பி" என்றார் அக்கா. கன்றை அதே குழியில் திரும்ப நட்டோம்.

இதோடு முடிந்தது என்று துள்ளிக் குதிக்க நீ விடமாட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டாயே: "மாவு மண்ணாயிரும்ண்ணே. அந்தக் கரித் தகடு என்னா ஆகும்? மண்புழுவுக்கு ஒண்ணும் ஆகாதா?" உன் வெற்றியை நீயே சந்தேகப்பட்டாய். உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த நிரையின் மண்ணை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உன் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். உன் கேள்விக்குப் பதில் வரும்வரை, இந்தப் பையால் ஒரு கெடுதலும் இல்லை என்று யாரும் சொல்ல விடமாட்டேன், நான் உட்பட. இது சத்தியம்.

உன் பையைப் பார்த்துச் சிரித்த,
இப்போது கிராஃபீன் ஒக்சைட்டு என்று தடுமாறாமல் சொல்கிற
உன் அண்ணன்