நீ வேண்டாம் என்ற இரண்டு

எருமப்பட்டிப் பக்கம் நேற்றிலிருந்து விடாத தூறல். நம் கோழிப்பண்ணை முட்டை அறையில் அடுக்கி வைத்திருந்த காகித அட்டைகளில் ஈரம் ஏறிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும், நனைந்த காகிதமும் அரைத்த மக்காச்சோளமும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. நீ இருந்தவரை அதை நான் தனியாகக் கவனித்ததில்லை. உன் புடவையில் எப்போதும் அது இருக்கும். இன்று காலை கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆட்கள் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை.

உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "ஏம்புள்ள" என்றால் நீ திரும்புவாய், "ஏனுங்க" என்றால் நான் திரும்புவேன். அதற்கு மேல் நமக்குத் தேவைப்படவில்லை. இப்போது நம் தாரணி கல்லூரியில் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள். அதைப் பற்றி உன்னோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவள் பிளஸ் டூ முடித்த கோடையில் உனக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாமக்கல்லுக்குப் போவோம். காலையில் தீவனம் போட்டு முடித்ததும் நான் காரை எடுப்பேன். நீ முன் சீட்டில், பள்ளி இல்லாத நாளென்றால் தாரணி பின் சீட்டில். உன் தம்பியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையதை எடுக்க முடியாது என்றார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். பதினெட்டு வயது நிறைந்த அன்று, வாங்கி வைத்திருந்த கேக்கைக்கூட வெட்டாமல், தான் தருவதாகச் சொன்னாள் நம் பெண். நீ கோபப்படவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாய். "இன்னொருக்கா இந்தப் பேச்ச எடுத்தீன்னா நான் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன், சாமி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வரவில்லை.

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருந்தாள். ஆனால் ஒரு நாள் காலை டிபன் சாப்பிடும்போது, நாமக்கல்லிலேயே பி.பி.ஏ. சேரப் போவதாக அவளாகவே சொன்னாள். தொழில் நிர்வாகம்தான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். பண்ணையைப் பெரிதாக்கலாம், முட்டையை நாமே பெயர் போட்டுப் பெட்டியில் விற்கலாம் என்றெல்லாம் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் படிப்பின் கதை உனக்குத் தெரியும். அப்பாவின் பிடிவாதத்துக்காக மெக்கானிக்கல் படித்தேன். படித்து முடித்து, சேலத்தில் கொஞ்ச நாள் வேலை தேடிவிட்டு, இதே கோழிகளிடம் திரும்பி வந்தேன். பெண் பார்க்க வந்தபோது என்னை இன்ஜினியர் என்று சொன்னதால், மோட்டார் நின்றுபோகும்போதெல்லாம் "இன்ஜினியர் சார், வந்து பாருங்க" என்று நீ சிரிப்பாய். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனார்கள், மீதிப் பேர் லாரித் தொழிலுக்குப் போனார்கள். அந்தப் படிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீயோ பி.காம். படித்தவள். கோழிக்காய்ச்சல் வந்து விலை விழுந்த வருடம் இந்தப் பண்ணை மூடாமல் தாக்குப்பிடித்தது உன்னால்தான். மகளும் உன் வழியில் வருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீதான் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் அண்ணி வந்து, நீ சின்ன வயதில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டிருப்பாய், அது நடக்காததால் மகளைப் போட்டு அமுக்குகிறாய் என்றாள். நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அன்று மத்தியானம் முட்டை அறைக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள் அது. கால் வீங்கியிருந்தது. ஒரு முட்டைப் பெட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தாய்.

"எனக்குக் கணக்குப் புடிச்சுது, படிச்சேன். யாரும் என்னைய அமுக்கலைங்க. ஒரு குறையும் இல்லை. ஆனா அவ மூஞ்சிய நீங்க பாத்தீங்களா? ஊசி போடறப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க. அவ மெஷினையே பாத்துட்டு நிக்கறா."

நான் பார்த்ததில்லை. உண்மையில் அந்த ஊசியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரத்தம் சுற்றிப் போகிற அந்தச் சின்னச் சக்கரத்தின் முன்னால் அவள் குனிந்து நிற்பது. உடம்பில் ஏறிய தண்ணீரை மட்டும் அது எப்படி எடுக்கிறது என்று அங்கிருந்த டெக்னீஷியனைக் கேட்டு நச்சரிப்பது. வீட்டுக்கு வந்து கைபேசியில் படம் படமாகப் பார்ப்பது. கோயமுத்தூரில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று ஒன்று இருப்பதாக அவள் உன்னிடம் முன்பு ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை.

அப்படியானால் ஏன் பி.பி.ஏ. என்று நான் கேட்டேன். நீ என்னையே பார்த்தாய்.

"கோயமுத்தூருன்னா ஹாஸ்டல். நாமக்கல்லுன்னா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துரலாம். கிட்னியக் குடுக்கறேன்னா, வேண்டான்னேன். இப்ப படிப்பக் குடுக்கப் பாக்கறா. ரெண்டும் ஒண்ணுதானுங்க. எனக்கு வேண்டாம்."

வெளியே முட்டை லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போனேன்.

கல்லூரி விருப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டிய நாளில் அவளை நீ கணக்கெழுதும் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். பி.பி.ஏ.யில் முதல் வருடம் என்னென்ன பாடம் என்று கேட்டாய். மேனேஜ்மென்ட் என்றாள், அக்கவுண்ட்ஸ் என்றாள், பிறகு கூரையைப் பார்த்தாள். சரி, கோயமுத்தூரில் என்ன பாடம் என்றாய். சொல்லத் தொடங்கினாள். முதல் வருடம் முடிந்து இரண்டாம் வருடம் வந்து, அங்கே எந்த லேபில் என்ன மெஷின் இருக்கிறது என்பதுவரை போய், சட்டென்று நிறுத்தினாள். தான் மாட்டிக்கொண்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. நீ அவள் தலையில் கை வைத்து, "அதையே போடு சாமி" என்றாய்.

ஹாஸ்டலில் விட நாம் மூன்று பேரும் போனோம். திரும்பி வரும்போது சங்ககிரியில் ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். டாக்டர் உனக்குத் தண்ணீருக்கு அளவு வைத்திருந்ததால் அரை கிளாஸ்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊடு வெறிச்சுன்னு இருக்குமுங்க" என்றாய்.

ஒன்றேகால் வருடம் போனது. அவள் மாதம் ஒரு முறை வருவாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மெஷினில் எந்த எண் எதைக் காட்டுகிறது என்று உனக்குச் சொல்லுவாள். நீ புரிந்த மாதிரி தலையாட்டுவாய். ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியும்போதே உனக்குக் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். தாரணியை வரச் சொன்னேன். அவள் வந்த பஸ் திருச்செங்கோட்டைத் தாண்டும் நேரத்தில் நீ போய்விட்டாய். போனில் நான் சொல்லவில்லை. பாத்து வா சாமி என்று மட்டும் சொன்னேன். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். மீதித் தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று நான் கேட்டதில்லை.

காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். தாரணி போகவில்லை. பெட்டியை எடுத்து வைக்கிற மாதிரியும் தெரியவில்லை. காலையில் எழுந்து எனக்கு ராகிக்களி கிளறினாள், ஆட்களுக்குக் கூலி பிரித்தாள், உன் மேசையில் உட்கார்ந்தாள். இன்ஜினியரிங்கை விட்டுவிடுவதாகவும், அடுத்த ஜூனில் நாமக்கல்லில் பி.பி.ஏ. சேர்வதாகவும் சொன்னாள். லேபில் அதே மெஷின் இருக்கிறதாம். அதன் முன்னால் இனி தன்னால் நிற்க முடியாது என்றாள்.

நான் முன்பு விரும்பியதெல்லாம் அப்படியே என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு நன்றாக இருந்தது. வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவள் இருக்கட்டும் என்று என் மனசு கெஞ்சியது. வாயைத் திறக்காமலே நாள்களைத் தள்ளினேன்.

ஃபிரிட்ஜ் கதவில் உன் ஊசி மருந்துகள் பிரிக்காமல் இருந்தன. யாருக்காவது பயன்படட்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினேன். தாரணியும் வந்தாள், ஆனால் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். நான் உள்ளே போய் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தாளோ, பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். ஜன்னலோரம் நீ படுக்கிற கட்டிலில் சேந்தமங்கலத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். உன் கட்டிலில் வேறொருவரைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது அந்த அம்மாவின் மெஷின் கத்தத் தொடங்கியது. தாரணி அவர் பக்கத்தில் போய், முழங்கையில் மாட்டி மடங்கியிருந்த குழாயைப் பார்த்து, அவர் கையை மெதுவாக நகர்த்திவிட்டாள். உனக்கு எத்தனையோ முறை செய்ததுதான். சத்தம் நின்றது. பிறகும் அவள் நகரவில்லை. அந்த மெஷினின் முன்னால் குனிந்து நின்றுகொண்டே இருந்தாள். நீ சொன்ன முகத்தை அன்றுதான் நான் பார்த்தேன்.

திரும்பும்போது ரோட்டோரம் காரை நிறுத்தினேன். முட்டை அறையில் நீ என்னிடம் சொன்னதை, கிட்னியும் படிப்பும் ஒன்றுதான் என்று சொன்னதை, அவளுக்கு அப்படியே சொன்னேன். அவள் அதைக் கேட்டதே இல்லை. நீ போன நாளில்கூட அடக்கிக்கொண்டிருந்தவள், முகத்தை மூடிக்கொண்டு உடைந்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"நீங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க?"

"அழுவேன், கண்ணு. அழுதுட்டுத் தீவனம் போடப் போவேன். எனக்காக நீ இருந்தா, அம்மா வேண்டாம்னத நான் வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அடுத்த திங்கட்கிழமை அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன்.

நீ கேட்க விரும்புவாய் என்பதால் சொல்கிறேன். நன்றாகப் படிக்கிறாள். டயாலிசிஸ் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில் இப்போது பயிற்சிக்குப் போகிறாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றுகிறாள். சில நாள் போனில் குரல் சரியாக இருக்காது. அன்று உன் வயதுப் பெண் யாரையாவது பார்த்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தத் திங்கட்கிழமை ஹாஸ்டல் கேட்டில் பெட்டியை இறக்கிவைத்தேன். போயிட்டு வாரேன் என்று சொன்னவள், உள்ளே போகாமல் நின்றாள்.

"பி.பி.ஏ. சேர்ந்திருந்தா, அன்னைக்கு நான் அம்மாகூட இருந்திருப்பேன்லப்பா?"

வாட்ச்மேன் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எப்படியும் அது நடக்க வேண்டியது, விதி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நீ அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. என்னாலும் முடியவில்லை.

"இருந்திருப்பே, சாமி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மரங்களுக்குப் பின்னால் அவள் மறையும்வரை நின்றிருந்தேன்.

அவளை அனுப்பியது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் சொன்ன அந்த வார்த்தை என் நெஞ்சிலிருந்து இறங்கவில்லை. பண்ணையில் நடக்கும்போதும், தனியாகச் சோறு போட்டுச் சாப்பிடும்போதும் கூடவே இருக்கிறது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் உடனே ஆறுதல் சொல்லிவிடுவார்கள். நீ சொல்லமாட்டாய். காலைத் தூக்கி முட்டைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, இருந்திருப்பா" என்பாய்.