அழுத்தம் ஆறாவது அசையில்

நாமக்கல்,
3.6.2025

மதிப்பிற்குரிய குமரகுரு அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு ஆவல் இல்லை. போனில் பேசினால் பாதியில் நிறுத்தித் திருத்துவீர்கள், அதனால் கடிதம்.

இருபதாம் தேதி எங்கள் கோழிநோய் ஆய்வகக் கூட்டத்தில் நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் பொறுப்பாளர் பதவி. நோய்களின் பெயர்களை நினைத்தால்தான் பயம். அது நீங்கள் கொடுத்த பயம். உங்கள் தங்கை கல்யாணப் பந்தியில் 'காக்சிடியோசிஸ்' என்பதை இலையோரம் விரலால் தட்டித் தட்டிச் சொல்ல வைத்து, சொந்தபந்தம் பார்க்கச் சிரித்தீர்கள். இத்துடன் உள்ள பன்னிரண்டு சொற்களையும் அசை பிரித்து, அழுத்தம் குறித்து அனுப்புங்கள். அந்தச் சிரிப்புக்கு இதையாவது செய்யலாம்.

சண்முகப்பிரியா

அம்மாபேட்டை, சேலம்,
9.6.2025

அன்புள்ள பிரியா,

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இணைத்திருக்கிறேன்.

ல–ரிங்–கோ–ட்ரே–கி–ஐ–டிஸ். ஏழு அசை. அழுத்தம் ஆறாவதில். நீ முதல் அசையிலேயே மொத்த பலத்தையும் போட்டுவிட்டு, மேடேறும் லோடு லாரி மாதிரி கடைசியில் திணறுவாய். காக்–சி–டி–ஓ–சிஸ்: ஐந்து அசை, அழுத்தம் நான்காவதில். மற்றவை பின்பக்கம். இதுகூடத் தெரியாத உனக்கு யார் பட்டம் கொடுத்தார்களோ.

தாளில் எழுதினால் உனக்கு ஏறாது. சனிக்கிழமை பெட்டியோடு வந்துவிடு. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தருகிறேன். என்னிடம் கற்காமல் மேடையில் வாயைத் திறக்காதே. என் மானமும் சேர்ந்து போகும்.

உன் கணவன்,
குமரகுரு, எம்.ஏ., எம்.ஃபில்.

நாமக்கல்,
22.6.2025

குமரகுரு அவர்களுக்கு,

சனிக்கிழமை நான் வராதது உங்களுக்குத் தெரியும். மேடையில் வாயைத் திறந்தேன்.

உங்கள் தாளைப் பத்து நாள் மனப்பாடம் செய்திருந்தேன். இருந்தும் அந்த ஏழு அசைச் சொல்லில் நாக்கு பிசகிவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் பண்ணைக்காரர் சென்னிமலை எழுந்தார். "நிறுத்தாதீங்க அம்மணி. என்ற கோழி மூவாயிரம் இந்தச் சீக்குலதானுங்க போச்சு. தடுப்பூசி எப்பப் போடோணும்னு சொல்லுங்க." சொன்னேன். வெளியூர் டாக்டர் ஒருவர் அதே சொல்லை என்னைவிட மோசமாக உச்சரித்துக் கேள்வி கேட்டார். அவருக்கும் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பதவி எனக்குத்தான்.

மேடையில் நின்ற அந்த நொடியில் நான் யாருடைய சிரிப்புக்குக் காத்திருந்தேன் என்று பிறகு யோசித்தேன். அந்த மண்டபத்தில் யாருமே சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள் ஒருவர்தான். இது என்ன நோய், கோழி எப்படிச் சாகிறது என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை.

இனி வரமாட்டேன். வக்கீல் விவாகரத்து மனு அனுப்புவார், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எழுதும்போது அழுகை வருகிறது. ஆனாலும் அனுப்புகிறேன்.

சண்முகப்பிரியா