ஈட்டிக்காரர் முட்டிய மில்

அக்கா,

காற்று திரும்பியிருக்கிறது. மில்லில் நெல் அவிக்கும் வாசனை வீடு முழுக்க வருகிறது. அப்பாவுக்கு இன்று அங்கேதான் வேலை, விடிந்தால்தான் வருவார். உன் பிள்ளை தூளியில் தூங்குகிறான். அம்மா புரளும்போதெல்லாம் சிமினி விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை கரிக்கலாம்பாக்கத்திலிருந்து மாமா வீட்டார் நிச்சயத் தட்டோடு வருகிறார்கள். நீ இருந்த இடத்துக்கு நான் போக வேண்டுமாம். பத்தாம் வகுப்புக்கு நாளையோடு முழுக்கு. மாமா கெட்டவர் இல்லை. உன் கல்யாணத்தன்று நான் அழுதபோது சவ்வு மிட்டாய் வாங்கித் தந்து சமாதானம் செய்தவர். அவரோடு எப்படி அக்கா?

இன்று வகுப்பில் டீச்சர் அந்த ஸ்பெயின் தேசத்துக் கதையைச் சொன்னார். நம் கதை! பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் இருந்த சொல்தா வீட்டில் நீ பாத்திரம் துலக்கப் போன காலத்தில், அவர் மனைவி படித்துச் சொன்ன கதை. புத்தகத்துப் படங்களை அந்த வீட்டுப் பிள்ளைகள் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றாய். கதை படித்தே தன்னை வீரனாக நினைத்துக்கொண்ட ஒல்லிக் கிழவர், நோஞ்சான் குதிரை, கையில் ஈட்டி, கூடவே கழுதை மேல் ஒரு துணையாள். மில்லை அரக்கன் என்று முட்டி விழுந்தார். மில் என்றால் நமக்குத் தெரிந்தது அப்பா மூட்டை தூக்கும் மில்தானே? புகைக்கூண்டுதான் அரக்கனுடைய கழுத்து என்று நீயே சேர்த்துக்கொண்டாய்.

"அந்தாளு வந்தா சொல்லுடி. ஈட்டி எதுக்கு, ஒரு கொக்கி குடுத்தா மூட்டை தூக்கட்டும்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு தெருவில் யார் வம்புக்குப் போய் வந்தாலும், "இன்னாம்மா, மில்லுல முட்டிகினு வந்தியா?" என்றுதான் கேட்டார்கள்.

டீச்சர் பலகையில் மில்லை வரைந்தார். நாலு கை, புகைக்கூண்டு இல்லை. காற்றில் சுற்றும் மில்லாம் அக்கா! எத்தனையோ தேசங்களில், ஜெயிக்க முடியாததோடு மோதுகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தக் கிழவர் பெயரைத்தான் வைக்கிறார்களாம். "நம்ம பக்கம்தான் யாருக்கும் தெரியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி சிரிப்பு?" என்றார். ஒன்றுமில்லை டீச்சர் என்றேன். வீட்டுக்கு ஓடி உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஐந்தாவதோடு போதும் என்று அப்பா என்னை நிறுத்தினாரே, அன்று நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மில்லுக்கே போனாய். "நான் ஈட்டிக்காரரு. நீ கழுதை மேல கூடப் போற ஆளு" என்றாய்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"அந்தாளும் பயந்தவருதாண்டி. பயந்துகினே கூட வருவாரு. நீ அத மட்டும் செய்."

மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் நின்று, "இவள பெரிய இஸ்கூல்ல சேக்கணும், வாப்பா" என்றாய். "யப்பா, நெசமாவே மில்லுக்கு வந்துட்டாடா ஈட்டிக்காரி!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். உடம்பெல்லாம் தவிடோடு அப்படியே நம்முடன் பள்ளிக்கூடத்துக்கு வந்து கைநாட்டு வைத்தார். நான் வழி முழுக்க உன் தாவணியை விடவே இல்லை.

உன் பிள்ளையை நான் வளர்க்கிறேன் அக்கா. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து வளர்க்கிறேன். அதற்குக் கல்யாணம் எதற்கு? இதை அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவர்கள் வருவதற்கு முன்னால். கோழி கூவியதும் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்புகிறேன். அப்பா சிரிப்பாரா, அடிப்பாரா, தெரியவில்லை. இப்போதே பயமாக இருக்கிறது.

எனக்குக் கூட வர மட்டும்தான் பழக்கம். நாளைக்கு முன்னால் போக நீ இல்லை. நானே போகிறேன். நீ பின்னால் வா அக்கா. பயந்துகொண்டே வந்தாலும் போதும்.