கப்பலில் ஊதிய சங்கு

இன்று காலை அணையில் அபாயச் சங்கு ஊதினார்கள், நங்கை. நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்தைத் தாண்டி அந்த ஓலம் வந்தது. தாழத் தொடங்கி, மேலே ஏறி, அங்கேயே நின்று நீண்டது. மேட்டூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது புதிதில்லை. அணை நிரம்பிவிட்டது, மதகைத் திறக்கப் போகிறோம், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "தொறக்கறாங்க போல" என்றார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கறிவேப்பிலை கருகிப் போயிற்று. எனக்கு ஆறு ஞாபகத்துக்கு வரவில்லை. நடுக்கடலில், ஒரு கப்பலின் நீண்ட நடையில், செருப்பில்லாமல் ஓடிய உங்கள் பாதங்கள்தான் கண்முன் வந்தன.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் நாமக்கல்லுக்கு வந்தபோது எனக்குத் தாவணி வயது. பள்ளிக்கூடத் தோழிகளைப் பார்த்து நானும் உங்களை 'அண்ணி' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "நங்கைன்னே கூப்புடு அம்முணி. அண்ணின்னா ஆரையோ கூப்புடற மாதிரி இருக்குது" என்றீர்கள். அண்ணன் மனைவிக்கு நம் பக்கத்துச் சொல் அதுதானே, அன்றிலிருந்து நங்கைதான். அண்ணன் கோழிப்பண்ணை வைத்தபோது பாதிப் பண்ணையை நீங்கள்தான் சுமந்தீர்கள். கொட்டகைக்குள் புகுந்த சாரைப்பாம்பை வாலைப் பிடித்து வெளியே வீசியதை நான் பார்த்திருக்கிறேன். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் அண்ணனிடம் குரலை உயர்த்துவார்கள், உங்களிடம் உயர்த்தமாட்டார்கள். அப்படிப்பட்ட உங்களுக்குத் தண்ணீர் என்றால் மட்டும் ஆகாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆறு தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவீர்கள். ஊரெல்லாம் அணையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வரும். நீங்கள் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் அரிசி பொடைச்சு வெக்கறேன்" என்பீர்கள்.

காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். உங்கள் பிறந்த ஊர் எங்கள் அணைக்குக் கீழே, காவிரிக்கரையில். நீங்கள் சிறுமியாக இருந்தபோது ஒரு வெள்ளம். சங்கு ஊதியதும் உங்கள் அம்மா உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடியிருக்கிறார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் குடிசை இருந்த இடத்தில் தண்ணீர். நீங்கள் புட்டி கொடுத்து வளர்த்த மேச்சேரிச் செம்மறி ஆடு குடிசைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. அது கத்தியது மேட்டுவரைக்கும் கேட்டதாம், பிறகு கேட்கவில்லையாம். "கவுத்தை அவுத்து உட்டிருந்தா நீந்தியிருக்கும் அம்முணி" என்றீர்கள். 

அப்புறம்தான் அந்தக் கப்பல் பயணம் வந்தது. தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடாவருடம் பண்ணைக்காரர்களை எங்காவது கூட்டிப் போவார்கள். அந்த முறை சென்னையிலிருந்து கிளம்பி இலங்கை போய்த் திரும்புகிற சொகுசுக் கப்பல், பண்ணைக்கு இரண்டு பேர். அண்ணன் கையை விரித்துவிட்டார். "கோழிய உட்டுட்டு நான் எங்க வாரது? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." எனக்குக் கப்பல் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. வாயைத் திறந்து கேட்கவும் கூச்சம். என் முகத்தைப் பார்த்தே நீங்கள் முடிவெடுத்தீர்கள். "உனக்காவ வாரேன். ஆனா ஒண்ணு, என்னைய அந்தத் தண்ணியப் பாருன்னு சொல்லக் கூடாது." நான் சத்தியம் பண்ணினேன்.

துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்குக் கீழே நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கழுத்தை எவ்வளவு மடக்கினாலும் உச்சி தெரியவில்லை. அடுக்கடுக்காக ஜன்னல்கள், ஒரு தெருவையே எடுத்து நிமிர்த்தி வைத்த மாதிரி. லாரிக்குப் பாடி கட்டுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவர் நீங்கள். "ஏனம்முணி, இதுக்குப் பாடி கட்டுன பட்டறை எங்க இருக்குதோ!" என்று வாயில் கை வைத்தீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனுசன் செய்ததா இது என்று இருந்தது. உள்ளே கம்பளம், கண்ணாடி லிப்ட், எந்நேரமும் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கூடம். அவித்த முட்டை ஒன்றை எடுத்துப் பிட்டு, மஞ்சள்கருவைப் பார்த்து, "தீவனம் பத்தல" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவைத்தீர்கள். நம் மேசையில் இருந்த பண்ணைக்காரர்கள் எல்லோரும் அவரவர் முட்டையைப் பிட்டுப் பார்த்தார்கள்.

முதல் நாள் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, உயிர்காப்பு உடுப்பை எப்படி மாட்டுவது என்று காட்டினார்கள். அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் இந்தக் கூடத்துக்குத்தான் வரவேண்டும் என்று நம்மோடு வந்திருந்த தீவனக் கம்பெனித் தம்பி தமிழில் எடுத்துச் சொன்னான். நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "கூட்டம் முடிஞ்சுதா, எந்திரிக்கலாமா?" என்று என் காதில் கேட்டீர்கள். நம் அறையில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. நீங்கள் செய்த முதல் வேலை, திரைச்சீலையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, முந்தானையில் இருந்த ஊக்குகளைக் கழற்றி, மேலிருந்து கீழ்வரை குத்தியதுதான். கப்பல் கிளம்பியபோது நான் மட்டும் மேல்தளத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமே, பார்த்ததை உங்களிடம் சொல்லவில்லை.  இவ்வளவு தூரம் வந்து, ஒரு துணிக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டு ஊர் திரும்பிவிடுவீர்களோ என்று பதைப்பாக இருந்தது.

மறுநாள் முற்பகல். நீங்கள் கட்டிலில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒலிபெருக்கியில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. அடுத்த நொடி சங்கு.

முறுக்கு கீழே விழுந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன் நங்கை. அது பண்ணையை ஆள்கிற முகம் இல்லை, கோயில் மேட்டுக்கு ஓடுகிற சிறுமியின் முகம். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "கூடத்துக்குப் போவணுமுங்க நங்கை, அந்தத் தம்பி சொன்னானே" என்றேன். "சங்கு ஊதுனா மேட்டுக்குத்தான் போவோணும்!" என்று இழுத்தீர்கள். கூடம் கீழே இருந்தது. நீங்கள் மேலே ஏறுகிற படிக்கட்டைத் தேடினீர்கள்.

ஆனால் நேராக ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அந்த நடையின் இரண்டு பக்கமும் சாத்தின கதவுகள். ஒரு கதவு விடாமல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே போனீர்கள். "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க! சங்கு ஊதிருச்சு! வாங்க சாமி, மேட்டுக்கு வாங்க!" கதவுகள் திறந்தன. பரமத்திப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் நுரையோடு வந்தார். வடநாட்டுப் புதுமணத் தம்பதி தலையில் துண்டோடு வந்தார்கள். மொழி தெரியாதவர்களுக்கும் உங்கள் குரல் புரிந்தது. படுக்கை விரிக்கிற பையன் "மேடம், நோ, மேடம்" என்று குறுக்கே வந்தான். அவனையும் கையைப் பிடித்துச் சேர்த்து இழுத்துக்கொண்டீர்கள். முட்டிவலி என்று ஊரில் இரண்டு படி ஏறப் பத்து முறை யோசிக்கிறவர், லிப்டைத் திரும்பியும் பார்க்காமல், படி படியாக, ஒரு கூட்டத்தையே பின்னால் கூட்டிக்கொண்டு ஏறினீர்கள்.

மேல்தளத்துக் கதவைத் தள்ளினால், அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீச்சல்குளத்தில் ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நின்றாள். நம்மை எல்லோரும் வினோதமாகப் பார்த்தார்கள். மூச்சிரைக்கக் கம்பெனித் தம்பி வந்து சேர்ந்தான். "அக்கா, அது கப்பல்ல வேல பாக்கறவங்களுக்கு மட்டும் நடக்கற பயிற்சிங்க. பயணிங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொன்னாங்களே." பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். அவன் சொன்னது எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை.

நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வலது பக்கம் பார்த்தீர்கள். இடது பக்கம் பார்த்தீர்கள். கோயிலில் சாமி முன்னால் நம்மை நாமே சுற்றிக்கொள்வோமே, அப்படி நின்ற இடத்தில் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினீர்கள். எங்கு திரும்பினாலும் தண்ணீர். ஒரு மரம் இல்லை, ஒரு கோபுரம் இல்லை, ஒரு மலை இல்லை. சேர்வராயன் மலையையோ கொல்லிமலையையோ ஏதோ ஒரு மூலையில் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது நம்பவே முடியாத காட்சி. முந்தைய நாள் கரை மறைவதற்குள் நான் பார்த்தது வேறு கடல். இந்தக் கடலை நானும் உங்களோடுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. இவ்வளவு பெரிய ஒன்றின் நடுவில் நம்மை உயிரோடு வைத்திருக்கிறதே என்ற நன்றி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"கரை எங்க அம்முணி?" என்று கேட்டீர்கள்.

"இங்க கரையே இல்லீங்க நங்கை."

மறுபடியும் ஒரு முறை சுற்றிலும் பார்த்தீர்கள். பிறகு உங்களுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "கரை இல்லீன்னா இது எதைய உடைக்கும்?" என்றீர்கள். பிடித்திருந்த என் மணிக்கட்டு அப்போதுதான் விடுபட்டது. உங்கள் விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. நீங்கள் கைப்பிடிக் கம்பியை நோக்கி நடந்தீர்கள். தானாக, யாரும் கூப்பிடாமல்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் மழை இறங்கியது. நம் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தொலைவில் ஒரே ஒரு மேகம், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் மழை நிமிர்ந்து நின்றது. மேலே தொடங்குகிற இடமும் தெரிந்தது, கீழே கடலில் முடிகிற இடமும் தெரிந்தது. ஒரு மழையை முழுசாக நம்மில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நம் ஊரில் மேகம் வந்தால் நாலு ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்போம், நம் மானாவாரிக் காட்டுக்குப் பெய்யுமா, பக்கத்துக் காட்டுக்குப் பெய்யுமா என்று. "இது ஆருக்குன்னு பேயுது?" என்றீர்கள். பாதி மழித்த பண்ணைக்காரர் உங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நுரை கன்னத்திலேயே காய்ந்துவிட்டது. "ஆருக்கும் இல்லீங்க, அதும்பாட்டுக்குப் பேயுது" என்றார் மெல்ல.  நீங்கள் தட்டி எழுப்பிக் கூட்டி வந்த அத்தனை பேரும் கம்பியோரம் வரிசையாக நின்று அந்த மழை நகர்ந்து போவதைப் பார்த்தோம். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் உங்களைச் சும்மா விடுவார்களா? "சங்கக்கா, இன்னிக்குப் பந்திக்கும் நீங்கதான் ஊதோணும்" என்று கேலி பண்ணினார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தப் பண்ணைக்காரர் மட்டும் நம் மேசைக்கு வந்து, "நீங்க தட்டலீன்னா நான் ரூமுக்குள்ளயே டிவி பாத்துட்டு ஊருக்குப் போயிருப்பேனுங்க" என்றார். அவர் போனபின் நான் கேட்டேன். "அவ்வளவு பயத்துல ஓடறவங்க, எதுக்குங்க ஒவ்வொரு கதவா தட்டுனீங்க?" நீங்கள் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "கட்டிப் போட்டுட்டு ஓடக் கூடாதில்ல அம்முணி."

அன்று அறைக்குத் திரும்பியதும் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடியும் முந்தானையில் குத்திக்கொண்டீர்கள். மிச்ச நாளெல்லாம் உங்களைக் கம்பியோரத்திலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

கடைசியாகச் சேலத்து ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்திருந்தபோது, பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் நாமக்கல்லையும் பண்ணையையும் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம், "அந்தத் துணிய வெலக்கி உடு அம்முணி" என்றீர்கள். ஜன்னல் திரையைத் தள்ளினேன். வெளியே எதிர்க் கட்டிடத்தின் சுவரும் தண்ணீர்த் தொட்டியும்தான். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. "அந்த மழையச் சொல்லு" என்றீர்கள். நான் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், ஒற்றை மேகத்தைச் சொன்னேன், நுரை காய்ந்த கன்னத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "இப்பவும் அங்க பேஞ்சுட்டுத்தான் இருக்கும், இல்ல?" என்று கேட்டீர்கள். ஆமாங்க நங்கை என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் போனதிலிருந்து எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆறு தெரிகிற ஜன்னலுக்கு நானே முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்திருந்தேன். அதை இன்று காலை சங்கு ஊதிய பிறகுதான் உணர்ந்தேன். அடுப்பை அணைத்தேன். முதலில் வீட்டுக்காரரின் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கினேன். பிறகு தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். புதிதாகக் குடிவந்த பெண், ஈரத்தலையோடு வந்தாள். "நம்ம தெரு மேடுதானுங்களே அக்கா, இங்க தண்ணி வராதே?"

"வராது. பாக்கத்தான் கூப்புடறேன், வாங்க."

பக்கத்து வீட்டையும் தட்டினேன், அதற்கடுத்த வீட்டையும். எல்லோருமாக எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினோம். மதகுகள் திறந்தன. வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் சரிந்து, கீழே விழுந்து, புகையாக எழும்பியது. காலுக்கடியில் மாடி லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது.   கொஞ்ச நேரம் பார்த்தேன் நங்கை. அப்புறம் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் எந்த வீட்டுக் கதவாவது இன்னும் சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.